சலுகையும் செலவுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டப் பேராசிரியர் என்றால் வகுப்பறையோடு சரி என்று நினைப்பவர்கள் ஸ்டான்லி சர்ரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்வர்டில் வரிச் சட்டம் கற்பித்த அவர், 1961 முதல் 1969 வரை அமெரிக்க நிதித் துறையில் வரிக் கொள்கைப் பொறுப்பில் இருந்தார். அப்புறம் மறுபடியும் ஹார்வர்டுக்கே திரும்பிவிட்டார்.

அவர் கேட்டது எளிய கேள்வி. வீட்டுக் கடன் வட்டியை வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறோமே, அந்தச் சலுகையையே கையில் பணமாகக் கொடுப்பதென்றால் ஒத்துக்கொள்வோமா? அமெரிக்காவில் 1965-இல் இருந்த விகிதங்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டாலர் வட்டி கட்டுபவர் 70 சதவீத வரி கட்டும் பணக்காரர் என்றால் அவருக்கு 70 டாலர் மிச்சம். 14 சதவீதக்காரருக்கு 14 டாலர். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு? ஒன்றுமில்லை. இப்படி ஓர் உதவித் திட்டத்தை நேராக அறிவித்தால் ஊரே கொதித்துப்போகும். வரிச் சட்டத்துக்குள் ஒளிந்திருப்பதால் யாரும் கேட்பதில்லை.

இப்படிச் சலுகையாக அரசு விட்டுக்கொடுக்கும் வரிக்கு ‘வரிச் செலவினம்’ என்று பெயர் வைத்ததோடு சர்ரி நிற்கவில்லை, பட்டியலே போட வைத்தார். அந்தப் பட்டியல் பட்ஜெட்டோடு வரவேண்டும் என்று 1974-இல் அமெரிக்காவில் சட்டமும் வந்தது. இன்று பல நாடுகள் அப்படியே செய்கின்றன.

வரிக் குழுக்களில் தணிக்கையாளர்களும் தொழிலதிபர்களும் இருக்கட்டும், அவர்களும் தேவைதான். ஆனால் யாருடைய வழக்கையும் சுமக்காமல் சட்டத்தை வரி வரியாகப் படிக்கும் சட்டப் பேராசிரியர் ஒருவருக்காவது அங்கே நாற்காலி வேண்டும். பட்ஜெட் நாளில் உங்கள் பக்கங்களிலும் இந்தப் பேராசிரியர்களுக்கு இடம் கொடுங்கள்.

- ஒரு வாசகர்