அலேர்ட்டில் விளக்குத் தோண்டிய இரவுகளுக்கு நன்றி

அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் வராததுமாகச் சொதியில் உப்புக் காணாது என்று அம்மாவோடு சண்டை. அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே சமையலறை மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் எனக்கு முன்னமே அறிந்தவர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கும் தெம்பில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுமுன் சொல்லிவிட வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து. ஆஸ்பத்திரியில் முறை வைத்து இரவிரவாக இருந்த சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள், அம்மாவுக்கு நேரம் தவறாமல் சாப்பாடு கொண்டு வந்த ஸ்காபரோ மாமிமார் (ஒரே நாளில் நாலு வீட்டு இடியப்பம் வந்து, கடைசியில் வார்டு முழுக்கச் சாப்பிட்டதாம்), டாக்டர் சொன்னதையெல்லாம் அப்பாவுக்குப் புரியும்படி தமிழில் திரும்பச் சொன்ன தாதி, கேட்காமலே எங்கள் வாசலில் ஸ்னோ தள்ளிவிட்டுப் போன பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா, கோயிலில் அர்ச்சனை செய்வித்தவர்கள். பெயர் போடத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன். பிறகு அடுத்த கலியாண வீட்டில் முகம் கொடுக்க முடியாது.

ஆனால் இந்த மடலில் அதிக இடம் வேறொருவருக்கு. தமிழில் ஒரு எழுத்தும் தெரியாதவர். நேரில் நன்றி சொல்லப் போனால் பேச்சை மாற்றிவிடுவார், இல்லாவிட்டால் வேலை இருக்கிறது என்று எழும்பிப் போய்விடுவார். அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன்.

"கனடாவுக்குள்ளேதானே இருக்கிறாள், பிளேன் ஏறி வர எவ்வளவு நேரம்?" என்று ஆஸ்பத்திரியில் சிலர் கேட்டார்களாம். கோபம் இல்லை. நான் வேலை செய்யும் அலேர்ட் எங்கே இருக்கிறது என்று எங்கள் கனடியப் படைக்குள்ளேயே சிலருக்குத் தெரியாது. எல்ஸ்மியர் தீவின் வடக்கு முனையில், வட துருவத்திலிருந்து 817 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஆட்கள் இருக்கும் இடங்களில் அதற்கு வடக்கே உலகில் வேறொன்று இல்லை. 1950இல் வானிலை நிலையமாகத் தொடங்கி, 1958இல் படையினர் வந்து சேர்ந்த இடம். தெரு கிடையாது. கப்பலை நம்ப முடியாது. உருளைக்கிழங்கில் இருந்து ஆணி வரை, எரிபொருளும் சேர்த்து, எல்லாம் விமானத்தில்தான் வரும். நான் களஞ்சியத்தில் வேலை செய்வதால் அந்த ஒவ்வொரு ஆணியும் என் கணக்கில் இருக்கிறது. அக்டோபர் நடுவில் போகும் சூரியன் பெப்ரவரிக் கடைசியில்தான் தலை காட்டும்.

மற்றபடி அங்கே வாழ்க்கை நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம். பனிக்குடிசையில் படுக்கிறாயா என்று கேட்ட மாமிக்கு: இல்லை மாமி, உள்ளே ஹீற்றர் போட்டு ரீசேட்டோடுதான் திரிகிறோம். விடிகிறது என்று மணிக்கூடுதான் சொல்லும். சாமான் எண்ணுவது, சாப்பாட்டு அறை, ஜிம், உடுப்புத் தோய்ப்பது, நித்திரை. வெளியே போனால் எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். குப்பை மணம் பிடித்து வெள்ளை ஓநாய்கள் கட்டடங்கள் வரைக்கும் வரும். ஒருவருடைய இருமலை வைத்தே யார் நடைபாதையில் வருகிறார் என்று தெரிந்துவிடும், அவ்வளவு கொஞ்சப் பேர். அப்படியான இடத்தில் கெட்ட செய்தி வந்தால் ஒளித்து வைக்க இடமில்லை. சாப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். அந்த அன்பைத் தாங்குவதுதான் பெரும் பாடாக இருந்தது.

தொலைபேசி பற்றியும் ஒரு வார்த்தை. பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் அவ்வளவு வடக்கிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதனால் அலேர்ட்டிலிருந்து போகும் பேச்சு, மலையுச்சிகளில் வைத்திருக்கும் அலைபரப்பிகள் வழியாக ஒன்று மாறி ஒன்றாகத் தாவி, தெற்கே யுரேக்கா என்ற நிலையம் வரை போய், அங்கிருந்துதான் செயற்கைக்கோளைப் பிடித்து ஒட்டாவாவில் இறங்கும். ஒவ்வொரு கோடையிலும் ஹெலிகொப்டரில் அந்த உச்சிகளுக்குப் போய் அவற்றைப் பழுது பார்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் கண்டதில்லை. அம்மா போனை அப்பாவின் காதில் பிடித்தபோது, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. உங்களுக்கும் நன்றி, ஐயாமாரே.

எனக்கு விடுப்புக் கிடைப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. எங்கள் பொறுப்பதிகாரி நான் கேட்டு முடிக்குமுன்னமே அடுத்த விமானத்தில் என் பெயரை முதலாவதாகப் போட்டுவிட்டார். வானிலை விடாததால் விமானம்தான் வரவில்லை. கிரீன்லாந்தில் பிடுஃபிக் தளம் வரை, முன்பு தூலே என்று சொன்ன இடம், அதுவரை வந்து காத்து நின்றது. ஒரு நாள் எங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. ஹெர்குலிஸ் என்ற அந்தச் சரக்கு விமானத்தின் இரைச்சல் எல்லோருக்கும் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கதவடியில் நின்றேன். இரைச்சல் ஒருமுறை சுற்றிவிட்டுத் தேய்ந்து போனது. திரும்பிப் போய்விட்டார்கள்.

அன்றிரவு என் அறைக் கதவைத் தட்டியவர்தான் அவர். நியூஃபவுண்ட்லாந்துக்காரர், ஓடுபாதையில் ஸ்னோ தள்ளும் வாகனம் ஓட்டுகிறவர், அப்பாவின் வயதுக்குக் கொஞ்சம் குறைய இருக்கும். அதுவரை அவரோடு நான் கதைத்ததெல்லாம் கையுறை அளவு பற்றித்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அப்பாவைப் பற்றியும் கேட்கவில்லை. ஓடுபாதை ஓர விளக்குகள் மூடிப்போயிருக்கின்றன, தோண்ட ஓராள் குறைகிறது, வர முடியுமா என்றார். அது என் வேலை இல்லை. ஆனாலும் உடனே சப்பாத்தைப் போட்டேன்.

அலேர்ட்டில் உண்மையில் அதிகம் பனி விழுவதில்லை. பாலைவனக் கணக்கில் சேர்க்கலாம், அவ்வளவு உலர்ந்த ஊர். ஆனால் விழுந்த பனி கரையாது. காற்று அதையே கிளப்பிக் கிளப்பி எங்காவது கொண்டுபோய்க் குவிக்கும். குவிக்க அதற்குப் பிடித்த இடம் ஓடுபாதை விளக்கடி. அவர் வாகனத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டாக இருந்தால் நிற்பார். இறங்கிப் பார்த்தால் பனிக்குள்ளேயிருந்து மங்கலாக ஒரு வெளிச்சம், சுளகால் மூடிவைத்த கார்த்திகை விளக்கு மாதிரி. சவல் பட்டால் கண்ணாடி உடைந்துவிடும் என்பதால் கடைசிப் பிடியைக் கையால்தான் அள்ள வேண்டும். முழந்தாளில் இருந்து அள்ளி முடித்ததும் வெளிச்சம் பளீரென்று வரும். அடுத்தது. பிறகு அடுத்தது. ஒரு பக்கம் முடித்துத் திரும்பி வந்தால் முதல் விளக்கைக் காற்று மூடத் தொடங்கியிருக்கும். விசர் வேலை. ஆனால் அந்த நேரத்தில் என் மனம் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகவில்லை. விரல் விறைத்தால் வாகனத்துக்குள் ஏறி, அவருடைய போத்தலில் இருந்து மிக மோசமான தேநீரைக் குடித்துவிட்டு மறுபடி இறங்குவேன். அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தபோது, செய்தி வந்த பிறகு முதல் தடவையாக நித்திரை வந்தது.

அடுத்த இரவும் தட்டினார். அதற்கடுத்த இரவும். என்னிடம் ஒரேயொரு முறைதான் வேலையைத் தவிர வேறு விடயம் கதைத்தார். ஓடுபாதைக்கு மேற்கே வாகனத்தைத் திருப்பி முன்விளக்கை ஒரு பக்கமாகப் பிடித்தார். அங்கே கல்லறைகள் இருக்கின்றன. 1950 ஜூலை 31 அன்று, நிலையத்துக்குப் பாரசூட்டில் சாமான் போட வந்த லங்காஸ்டர் விமானம் விழுந்து இறந்த ஒன்பது பேர். பிறகு 1991 ஒக்டோபர் 30 பற்றிச் சொன்னார். எரிபொருள் கொண்டு வந்த ஹெர்குலிஸ், இருட்டில் இறங்க வரும்போது ஓடுபாதையை எட்டுமுன்னமே நிலத்தில் மோதியது. உள்ளே பதினெட்டுப் பேர். மீட்கப் போனவர்களைப் புயல் ஒரு நாளுக்கு மேல் மறித்துவிட்டது. பதின்மூன்று பேர் தப்பினார்கள். விமானத்தின் கப்டன் மோதலில் தப்பியும், உதவி வருமுன் குளிரில் செத்துப்போனார்.

இதையெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. கியரை மாற்றினார். "அன்றைக்குத் திரும்பிப் போனவன் நல்ல விமானி," என்றார். அவ்வளவுதான். எனக்கு அதுவரை அந்த விமானியில் இருந்த ஆத்திரம் அதோடு போய்விட்டது. பெயர் தெரியாத விமானியே, ஒரு பெண் கீழே பையோடு நிற்கிறாள் என்று தெரிந்தும் திரும்பிப் போனீர்களே, அதற்கும் நன்றி.

கடைசியில் வானம் திறந்தது. அங்கே நிலா வந்தால் நாட்கணக்காக மறையாமல் சுற்றிச் சுற்றி நிற்கும். அந்த வெளிச்சத்தில் விமானம் இறங்கியது. நான் ஏறினேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

போகிற அன்று சாப்பாட்டு அறைச் சுவரில் வேலை அட்டவணையைத் தற்செயலாகப் பார்த்தேன். ஸ்னோ வேலைக்கு ஒவ்வொரு இரவும் இன்னொருவரின் பெயர் ஒழுங்காகப் போட்டிருந்தது. அந்தப் பெடியன் அந்த நேரம் முழுக்க அறையில் கடதாசி விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆள் ஒன்றும் குறையவில்லை. அவனுக்கும் ஒரு நன்றி, வாயைத் திறக்காமல் இருந்ததற்கு.

இங்கே வந்த பிறகு நானும் அதையே செய்து பார்த்தேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் அழுதுகொண்டு நின்ற தம்பியைக் கட்டிப்பிடிக்காமல், அப்பாவின் மருந்துப் பட்டியலை எழுதித் தா என்று பேனையைக் கொடுத்தேன். முறைத்தான். எழுதினான். இப்போது எந்தக் குளிசை எந்த நேரம் என்று அவனைக் கேட்டுத்தான் அம்மாவே கொடுக்கிறார்.

என் தவணை முடியவில்லை, அடுத்த வாரம் திரும்பிப் போகிறேன். அப்பா போகச் சொல்லிவிட்டார். அரை மனதோடுதான், ஆனாலும் சொல்லிவிட்டார். இப்போது உங்களிடம் கடைசியாக ஓர் உதவி. அந்த மனிதருக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும். முன்பு அம்மா அனுப்பிய மிக்சர் பையை நான் களஞ்சிய மேசையில் வைத்திருந்தபோது ஒரு பிடி எடுத்துப் பார்த்து, கச்சான் கிடந்ததால் ஆசையோடு திரும்பப் போட்டவர். கச்சான் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ கச்சான் போடாத, கச்சான் எண்ணெயில் பொரிக்காத, நல்ல உறைப்பு மிக்சர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் புதன்கிழமைக்கு முன் அம்மாவுக்குச் சொல்லுங்கள். இரண்டு கிலோ வேண்டும். வீட்டில் செய்து தர விருப்பமுள்ள மாமிமார் இருந்தால் இன்னும் நல்லது, எண்ணெய்ச் சட்டியை மட்டும் புதிதாக வையுங்கள்.