முதலில் இரண்டடி பின்னால் நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிறு இணைப்பில், ஆட்களை அழகாகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்பவர்கள் என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் விழுகிற சென்சார் பெரிதாக இருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்று, 85 எம்எம் லென்ஸ் ஒன்று (எம்எம் எண் கூடக் கூட ஆள் நெருங்கித் தெரிவார்), 70-200 ஜூம் லென்ஸ் ஒன்று, மூன்று ஃப்ளாஷ், அதற்கு மேல் பை. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு எங்கள் கோவில்பட்டியில் ஒரு கடையை அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்து, போர்டும் மாட்டி, முதல் மாத வாடகையும் கட்டிவிடலாம்.

நான் 1987 முதல் 2016 வரை மார்க்கெட் ரோட்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். இப்போது மகளின் ஜெராக்ஸ் கடையில் ஒரு மூலையில் நீல ஸ்கிரீன் தொங்கவிட்டு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக் கொடுக்கிறேன். உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மறுநாள் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு பையன் வந்து நின்றான். டூவீலர் மெக்கானிக் மகன், பாலிடெக்னிக் முடித்தவன். "அண்ணாச்சி, இதை எல்லாம் தவணையில எடுத்துரலாமா?" என்று கேட்டான். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவனிடம் ஏற்கெனவே ஒரு நிக்கான் டி3400 இருக்கிறது. பழையதாக வாங்கியது. கூட வந்த 18-55 கிட் லென்ஸ் ஒன்று, அப்புறம் யாரோ சொல்லி வாங்கிய 50 எம்எம் f/1.8 ஒன்று (f-க்குப் பின்னால் வரும் எண் சின்னதானால் லென்ஸின் துளை பெரிது). "இந்த 50 செத்துப்போச்சு அண்ணாச்சி, ஃபோகஸே ஆவ மாட்டேங்குது" என்றான். வாங்கிப் பார்த்தேன். லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. அது பழைய 'டி' வகை. அதற்குள் மோட்டார் கிடையாது. கேமரா பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுற்ற வேண்டும். டி3400-இல் அந்த மோட்டாரே இல்லை. நிக்கானின் இந்த மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவில் மாட்டுகிற வாய், 1959-இல் வந்தது. அன்றிலிருந்து வந்த லென்ஸ்களில் பெரும்பாலானவை இவன் பாடியில் மாட்டிக்கொள்ளும், மாட்டிக்கொண்டால் வேலை செய்யும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். லென்ஸின் பின்பக்கத்தைத் திருப்பி, ஸ்க்ரூ டிரைவர் முனை உட்காருகிற மாதிரி இருந்த சின்னக் காடியைக் காட்டினேன். மெக்கானிக் வீட்டுப் பையன் அல்லவா, உடனே புரிந்துகொண்டான். "அப்ப திருகறதுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்ல" என்றான்.

விற்றவர் இதைச் சொல்லவில்லை. சரி, விற்கிறவர் எதற்குச் சொல்லப்போகிறார்? ஆனால் ஒரு முழுப் பக்கம் எழுதிய நீங்கள் சொல்லியிருக்கலாம். டி3000, டி5000 வரிசைக் கேமரா வைத்திருப்பவர்கள் 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதிய லென்ஸைப் பார்த்து வாங்க வேண்டும் என்ற ஒரே ஒரு வரி போதும். இன்னொன்றும் உண்டு. நாளைக்கு அவன் உள்ளே கண்ணாடி இல்லாத நிக்கானின் மிரர்லெஸ் பாடிக்கு மாறி, பழைய லென்ஸை மாட்டுவதற்கான எஃப்டிஇசட் அடாப்டரை நடுவில் போட்டாலும் இந்த 'டி' லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது. கேனானில் இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய பழைய இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் வைத்து ஆர் வரிசை மிரர்லெஸ் பாடியில் மாட்டினால் ஃபோகஸ் ஓடும்.

அதற்காக அந்த லென்ஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. லென்ஸின் துளையைக் கூட்டிக் குறைக்கிற அபெர்ச்சர் வளையத்தை 22-இல் வைத்துப் பூட்டச் சொன்னேன். இல்லாவிட்டால் கேமரா எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பிறகு கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரின் கீழ் ஓரத்தில் பச்சைப் புள்ளி அசையாமல் நிற்கும்போது அமுக்கச் சொன்னேன். முதல் நாள் முப்பது படத்தில் நாலுதான் தேறியது. மூன்றாம் நாள் பாதிக்கு மேல் தேறிவிட்டது. கண்ணில் வைத்துத் திருகிப் பழகிய கை அது. நாளைக்கு ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் வாங்கினாலும் எங்கே ஃபோகஸ் வைக்க வேண்டும் என்பதை அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

என் முதல் கேமரா யாஷிகா மேட் 124ஜி. இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் பெட்டி. 80 எம்எம் f/3.5. லென்ஸைக் கழற்றவே முடியாது, ஆகவே எந்த லென்ஸ் வாங்கலாம் என்ற கேள்வியே எங்களுக்கு இல்லை. ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிம்தான் பெரும்பாலும். அந்தப் பெட்டி ஒரு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. அதை அப்போது குறையாக நினைத்தேன். பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது, என் படங்களில் ஒருவருக்கும் மூக்கு வீங்கித் தெரியாததற்கு அதுதான் காரணம் என்று. கிட்டே போகவே அது விடவில்லை.

உங்கள் கட்டுரையில் 85 எம்எம் லென்ஸ் முகத்தை அழகாக்கும் என்று எழுதியிருக்கிறது. பாதி சரி. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கிற தூரம். ஒன்றரை அடியில் நின்று எடுத்தால் மூக்கு கேமராவுக்குப் பக்கத்திலும் காது தள்ளியும் இருக்கும், மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும்தான் விழும். எந்த லென்ஸ் போட்டாலும் அப்படித்தான். ஆறு ஏழு அடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் அடங்கிவிடும். 85 எம்எம் என்ன செய்கிறது என்றால், அந்தத் தூரத்தில் நின்றுகொண்டே முகத்தை ஃப்ரேம் நிறைய எடுக்க விடுகிறது. செல்போனின் மெயின் கேமரா அகலமாகப் பார்க்கிறது. முகம் சின்னதாகத் தெரிகிறதே என்று எல்லோரும் கிட்டே போகிறார்கள், மூக்கு வந்துவிடுகிறது. அப்புறம் 'எனக்கு முகவெட்டு இல்லை' என்று வருத்தப்படுகிறார்கள். கிட் லென்ஸை 18-இல் வைத்துக்கொண்டு முகத்துக்குக் கிட்டே போனாலும் இதே கதைதான்.

பையனுக்கு நான் கொடுத்த முதல் வேலை இதுதான். 50-ஐப் பையில் போடு. கிட் லென்ஸை 55-க்குக் கொண்டுபோய் விட்டுவிடு, ஒரு வாரம் அதைத் தொடாதே. வேண்டுமானால் நீ நட. பின்னால் சுவர் இருந்தால், உட்காருகிறவரைச் சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி முன்னால் கூட்டி வா. அவன் நம்பவில்லை. f/5.6-இல் பின்னணி எப்படி ப்ளர் ஆகும் என்று கேட்டான். ஆகும். ஆள் கேமராவுக்குப் பக்கத்தில், சுவர் ஆளுக்குத் தூரத்தில். இவ்வளவுதான் சூத்திரம். சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கவைத்துவிட்டு f/1.8 வாங்கினாலும் சுவர் சுவராகத்தான் தெரியும்.

85 எம்எம் பற்றி ஒரு கணக்கு. இவன் கேமராவின் சென்சார் சின்னது. அது படத்தின் ஓரத்தை விட்டுவிடுவதால் எந்த லென்ஸும் இன்னும் நெருக்கித்தான் காட்டும், நிக்கானில் ஒன்றரை மடங்கு, கேனானில் 1.6 மடங்கு. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒருவரைத் தலையிலிருந்து இடுப்பு வரை எடுக்க, 85 போட்டால் ஏறக்குறைய பதினோரு அடி தள்ளி நிற்க வேண்டும். எங்கள் ஊர் வீடுகளில் முன்னறை பத்துக்குப் பத்து. முதுகு சுவரில் முட்டும், அதற்கு மேல் போக வேண்டுமானால் தெருவில் நின்று ஜன்னல் வழியாக எடுக்க வேண்டும். 50 என்றால் ஆறரை அடியில் காரியம் முடியும். அதனால்தான் சின்ன சென்சார்க் கேமராவுக்கு 50 எம்எம் முதல் லென்ஸ் என்கிறேன், விலை குறைவு என்பதற்காக மட்டும் அல்ல. 

வாங்கியவுடன் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. நானும் செய்தேன். 2011-இல் எட்டயபுரத்தில் ஒரு அறுபதாம் கல்யாணம். கையில் புதிதாக வாங்கிய கேனான் 50 எம்எம் f/1.8, அந்தப் பழைய பிளாஸ்டிக் மவுண்ட் வகை, வெறும் 130 கிராம். பெரியவரும் அம்மாவும் மாலையோடு நிற்கிறார்கள். அம்மா வெட்கத்தில் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார். நான் f/1.8-லேயே அடித்தேன். கேமராவின் குட்டித் திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் பெரியவரின் மீசை முடி எண்ணலாம், அம்மா புகை மாதிரி நிற்கிறார். அந்தத் தூரத்தில், அந்த அபெர்ச்சரில் தெளிவாக விழுகிற ஆழம் அரைச் சாண்தான். முகத்தை மட்டும் கிட்டே போய் எடுத்தால் இரண்டு விரல்கடைகூடத் தேறாது. ஃபோகஸ் மூக்கில் விழுந்தால் கண் போச்சு. அந்த வீட்டுக்கு ஆல்பம் கொடுக்கும்போது அந்தப் படத்தை நடுவில் வைக்க முடியவில்லை. அந்த அம்மா ஏன் என்று கேட்கவும் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இரண்டு பேர் நின்றால் f/4, வரிசையாக நின்றால் f/5.6 அல்லது 8 என்று அன்றைக்கு எழுதிவைத்துக்கொண்டேன்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண போட்டோகிராபர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால் கண்ணாடி வைத்த நல்ல டிஎஸ்எல்ஆர் பாடிகளும் லென்ஸ்களும் மலிவாகக் கைமாறுகின்றன. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் லென்ஸின் ஒரு முனையில் செல்போன் டார்ச்சைக் காட்டி, மறுமுனையில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் ஓடினால் அது பூஞ்சை. ஒரு முறை வெளியூரில் ஒரு பழைய சாமான் கடையில் ராத்திரி நேரத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் 70-210 ஒன்று வாங்கி வந்து, காலையில் பார்த்தால் உள்ளே தோட்டமே இருந்தது. திருப்பித் தரப் போனால் 'வாங்கும்போது நல்லா இருந்துச்சே' என்றார்கள். வாங்கிய பிறகும் தோல் பையில் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள். மூடி இறுகப் பொருந்துகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் கொஞ்சம் போதும். நீலமாக இருக்கும் வகை ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும், சூடாக்கினால் மறுபடி நீலம். அரிசிக்குள் புதைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது மாவுத்தூசி. தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த டப்பா லென்ஸைவிட முக்கியம்.

வெளிச்சத்தைப் பற்றி உங்கள் பக்கத்தில் இருந்தது மூன்று ஃப்ளாஷின் விலை மட்டும். ஒரு ஜன்னல், அதில் தொங்கவிட ஒரு பழைய வெள்ளை வேட்டி, எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு தெர்மோகோல் அட்டை. என் ஸ்டுடியோவில் கரண்ட் போன நாளில் எல்லாம் இப்படித்தான் பிழைப்பு ஓடியது. வேட்டி வெயிலைப் பரப்பிவிடும், தெர்மோகோல் நிழல் பக்கத்துக் கன்னத்தைத் தூக்கிக் கொடுக்கும். அட்டையை முகத்துக்கு இரண்டடியில் பிடித்தால் ஒரு விதம், நாலடியில் பிடித்தால் ஒரு விதம். இதைக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு ஃப்ளாஷ், ஒரு வெள்ளைக் குடை வாங்கினால் அதைச் சரியாக வைக்கத் தெரியும். மூன்று வேண்டாம்.

நம் ஊர் ஆட்களைப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஒன்றும் விட்டுப்போயிருக்கிறது. கறுத்த முகம், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வெளிச்சம் அளக்கிற கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரியாகிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டனில் கூட்டல் பக்கம் முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) தள்ளினால் முகம் முகமாகவே வரும். அந்த வசதி இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது, காசு கிடையாது.

பையன் தவணைக்குப் போகவில்லை. ஒரு கூடுதல் பேட்டரியும் தெர்மோகோல் அட்டையும் வாங்கினான். நேற்று சாயங்காலம் அவன் ஆச்சியை வீட்டு நடையில் உட்காரவைத்து, செத்துப்போனது என்று சொன்ன அதே 50-இல் f/4 வைத்து எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்தான். பாம்படக் காது தொங்குகிறது, கண் நேராகப் பார்க்கிறது. வலது கன்னத்தில் நிழல் கொஞ்சம் கூடுதல். "அட்டையை யாருல பிடிச்சா?" என்று கேட்டேன். தங்கச்சி பிடித்தாளாம், கை வலிக்கிறது என்று பாதியில் போட்டுவிட்டாளாம். படத்தை உங்களுக்கு அனுப்பவில்லை. ஆச்சியிடம் இன்னும் கேட்கவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது, எந்த லென்ஸ் எந்தப் பாடியில் முழுதாக வேலை செய்யும் என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். விலைப் பட்டியலில் பாதியை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டுடியோக்காரன்,
கோவில்பட்டி.

(பெயர் போட வேண்டாம். போட்டால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், மகள் ஜெராக்ஸ் போட முடியாது.)