அடிமனை யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீடு வாங்குவோர், விற்போரின் சட்டச் சந்தேகங்களுக்குத் தங்கள் நாளிதழில் வந்த பதில்களைப் படித்தேன். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், மூலப்பத்திரத்தைக் கேளுங்கள், வரி ரசீதைச் சரிபாருங்கள் என்று சரியாகவே சொல்லியிருந்தார்கள். இந்த மூன்றும் என்னிடம் இருந்தன. ஆனாலும் என் வீட்டை என்னால் விற்க முடியவில்லை.

கும்பகோணத்தின் பழைய தெரு ஒன்றில் திண்ணை, முற்றம், கொல்லைக் கிணறு எல்லாம் உள்ள ஓட்டு வீடு. 1952-இல் என் தாத்தா வாங்கியது. அஞ்சல் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவள் நான். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அப்படிப்பட்டவள் சொந்த வீட்டுப் பத்திரத்தை ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை. பீரோவில் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது.

வாங்க வந்த தம்பி வங்கிக் கடன் கேட்டிருந்தார். வங்கிக்காகப் பத்திரங்களைப் பார்த்த வழக்கறிஞர், பழுப்பேறிய தாளில் சொத்து விவரத்தின் கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்: ‘அடிமனை நீங்கலாக மேல்கட்டடம் மாத்திரம்’. அதாவது கட்டடம் மட்டுமே எங்களுடையது, அது நிற்கும் மண் எங்களுடையது அல்ல. வீட்டுக்கு வந்து அப்பாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். நூலால் கட்டிய சிறு ரசீதுகள், ஒவ்வொன்றிலும் ‘அடிமனை வாடகை’. ஆண்டுக்கு ஒருமுறை அப்பா கோயில் அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கட்டுவது எனக்குத் தெரியும். ஏதோ கட்டளைக்குக் கொடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். கோயிலுக்குச் சொந்தமான மண்ணுக்கு வாடகை அது.

வில்லங்கச் சான்றிதழில் இது ஏன் வரவில்லை என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். கோயில்களுக்கு இந்த மண் பெரும்பாலும் மன்னர் காலத்து மானியமாக வந்தது. பத்திரம் போட்டு வந்ததல்ல. பதியாததை வில்லங்கம் எப்படிக் காட்டும்? வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் அப்படியே. குடியிருப்பவர் பெயரில் அவை வரும், மண்ணுக்கு உரியவர் யார் என்பதைச் சொல்லமாட்டா. அதைச் சொல்லும் நகர நில அளவைப் பதிவேட்டை வருவாய்த் துறையின் இணையதளத்தில் வார்டு, பிளாக், அளவை எண் கொடுத்து யாரும் பார்க்கலாம். நான் பார்த்தபோது உரிமையாளர் என்ற இடத்தில் கோயிலின் பெயர் இருந்தது. 2021-இல் அறநிலையத் துறையும் கோயில் நில ஆவணங்களைத் தன் தளத்தில் ஏற்றியிருக்கிறது.

‘எழுபது வருடமாக இருக்கிறோம், அனுபவ பாத்தியதை வந்திருக்குமே’ என்று, நெடுங்காலம் அனுபவித்தாலே உரிமை வந்துவிடும் என்ற நினைப்பில் உறவினர் ஒருவர் தைரியம் சொன்னார். ஆனால் வழக்குப் போடக் காலக்கெடு வைக்கும் காலவரையறைச் சட்டம், கோயில் சொத்தை மீட்கும் வழக்குக்குப் பொருந்தாது என்கிறது 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு. ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது என்கிறது 34-ஆவது பிரிவு. கோயிலுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் வாடகைதாரராகிய நான் எம்மாத்திரம்? இதில் கோயிலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தாத்தா தெரிந்துதான் வாங்கினார், நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

அதற்குள் இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தேன், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தின் பேரில். அதைப் பதிவு செய்யவும் இல்லை. விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்தாக வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பணத்தில் பாதியை என் தங்கையின் மருத்துவச் செலவுக்குக் கொடுத்திருந்தேன். நகையை அடகு வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தம்பி வட்டி கேட்கவில்லை.

கோயில்களும் மடங்களும் சத்திரங்களும் நிறைந்த தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகை மாவட்டங்களில் என்னைப் போன்றவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆகவே தங்கள் சட்டப் பகுதியில் டெல்டா வாசகர்களுக்கு வில்லங்கத்துக்கு முன்பாகவே ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்: முன்பணம் கைமாறுவதற்கு முன் நகர நில அளவைப் பதிவேட்டையும், மூலப்பத்திரத்தின் சொத்து விவரத்தைக் கடைசி வரி வரையிலும் படியுங்கள். விலை பேசி முடித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

சென்ற வாரம் அடிமனை வாடகை கட்டிவிட்டு வந்தேன். ரசீது இன்னும் தாத்தாவின் பெயரில்தான் வருகிறது. பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியை,
கும்பகோணம்