பாறை இல்லாத ஊரில் கடைக்கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுனாமி நினைவு நாளையொட்டி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போனவனையும் அலை கொண்டுபோனது, போகாதவனையும் கொண்டுபோனது, அப்புறம் கடவுளை நம்பி என்ன பயன் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் கடற்கரைப் பக்கம் அதைக் கேட்டு அழாத வீடு இல்லை.

நான் பொறையாறில் 40 வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன். பாறைமேல் கட்டின வீடு நின்றது, மணல்மேல் கட்டின வீடு விழுந்தது என்று இயேசு சொன்ன உவமையைச் சின்ன வயதில் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். எங்கள் ஊரில் பாறை ஏது? எவ்வளவு தோண்டினாலும் களி, வண்டல், அதற்கும் கீழே மணல். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் ஊறி உப்பிக்கொள்ளும். அப்படியென்றால் நாம் எல்லோரும் விழப்போகிறவர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். அவரும் கொத்தனார்தான். அதே உவமையைப் பைபிளில் லூக்கா எழுதினதை எடுத்துப் படிக்கச் சொன்னார். அதில் ‘ஆழமாய்த் தோண்டி’ என்று இருக்கிறது. அந்த வார்த்தையில் விரலை வைத்து, “நம்ம வேலை இதுதான்டா” என்றார்.

அப்பா கடைக்கால், அதாவது அஸ்திவாரம், போடுவதைச் சொல்ல வேண்டும். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, களியை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, ஆற்று மணலைக் கொட்டுவார். அரை அடிக்கு ஒரு தரம் குளத்துத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றித் திமிசுக்கட்டையால் இடிப்போம். ராத்திரி அப்படியே விட்டுவிடுவோம். விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி, மூலைக்கு மூலை குதிகாலை ஊன்றிப் பார்ப்பார். தடம் பதிந்தால் மறுபடியும் தண்ணீர், மறுபடியும் இடி. வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி, குதிகால் பதியாத அன்றைக்குத்தான் ஜல்லி இறங்கும். அந்த உவமையில் மழையும் பெருவெள்ளமும் காற்றும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகத்தான் வருகின்றன. நம்பினவன் வீட்டுக்கு வராது என்று இயேசு சொல்லவே இல்லை.

கல்லணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் முன்னோர் ஆற்று மணலில் பெரிய பெரிய கற்களைப் போட்டார்கள். அவை அமுங்கிப்போயின. அதன்மேல் இன்னும் போட்டார்கள். இனி அமுங்காது என்று நின்ற பிறகுதான் மேலே கட்டினார்கள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவதை இவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார். முதலில் போட்ட கல் எதுவும் இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் அம்மா தினமும் ராத்திரி சிம்னி விளக்கைச் சுற்றி எங்களை உட்காரவைத்து பைபிளில் உள்ள 46ஆம் சங்கீதத்தைச் சொல்லவைப்பார். தூக்கம் கண்ணைச் சொருகும். அந்த நேரத்தில் சொன்னதில் ஒரு வார்த்தையாவது உள்ளே போனது என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. பல வருஷம் கழித்து, என் மனைவி ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் இருந்தபோது எனக்கு ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் கோபம்தான் வந்தது. வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். நான் தேடாமலே, ‘பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்’ என்று அம்மாவின் குரலிலேயே வந்தது. அவள் பிழைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் காலூன்றிய இடம் பதியவில்லை. இதைத்தான் சாட்சி என்று என்னால் சொல்ல முடியும்.

இதை எழுதும்போது எங்கள் கிறிஸ்தவ ஜனங்களிடமும் ஒரு மனவருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். புது வருஷம் பிறந்தால் சுவர் முழுக்கச் சுவரொட்டி. இந்த ஆண்டு உன் கடன் தீரும், உன் வியாதி நீங்கும், நீ தலையாவாய் என்று. பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறவன்தான். ஆனால் அதை லாட்டரிச் சீட்டு மாதிரி கையில் கொடுத்துவிட்டு, கடன் தீராதபோது உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொன்னால், அந்த மனுஷன் எங்கே போய் நிற்பான்? தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கு என்ன கிடைத்தது? டேனிஷ் தளபதியே அவரைச் சிறையில் போட்டார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டையானது. அடுத்த பிப்ரவரியில் அவரை அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். வயது 36. கடல் இரையும் அதே மண்ணில்தான் அந்த ஆலயம் இன்றைக்கும் நிற்கிறது. அவருடைய விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

கடிதம் எழுதிய வாசகருக்கு நான் பதில் சொல்லிவிட்டதாக நினைக்கவில்லை. அலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் வந்து எங்களோடு உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சுனாமிக்குப் பிறகு கட்டின வீடுகளில் நானும் வேலை செய்தேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தங்கச்சி தினமும் சாயங்காலம் வந்து வானத்தின் விளிம்பில் நின்று, “ஆழம் போதுமாண்ணே?” என்று கேட்பார். போதும்மா என்று சொன்னாலும் மறுநாள் வந்து அதையே கேட்பார். அவர் எங்கள் சபைதான். 46ஆம் சங்கீதத்தை நாங்கள் மாறி மாறி வாசிக்கும்போது, சமுத்திரம் என்று வருகிற இடத்தில் அவர் வாய் அசையாது. இரண்டு வரி கழித்து மறுபடியும் சேர்ந்துகொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார்,
பொறையாறு, மயிலாடுதுறை மாவட்டம்.