சினிமாப் பாட்டு இலங்கையிலிருந்து வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐம்பதுகளில் சென்னை வானொலி நாள் முழுக்க சினிமாப் பாட்டாக ஒலித்தது என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. 1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போனது. ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் டீக்கடைகளில் கேட்டதெல்லாம் இலங்கை வானொலிதான். சிற்றலை (ஷார்ட் வேவ்) என்பதால் பாட்டின் நடுவில் சத்தம் அலைமாதிரி ஏறி இறங்கும்.

எங்கள் வீட்டில் வால்வு ரேடியோ. திருகினால் உடனே பேசாது, சூடேற வேண்டும். மொட்டைமாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய செம்புவலை ஏரியல், கடற்காற்றில் பச்சை பூத்துவிடும். அதை உப்பும் புளியும் போட்டுத் தேய்ப்பது என் வேலை. வருடாவருடம் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் வேறு!

சென்னை நிலையத்தை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. செய்தி, கச்சேரி, பேச்சு, நாடகம் எல்லாம் அங்கேதான். துறைமுகத்தில் வேலை முடிந்து வரும் அப்பா, நாடகம் என்றால் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைப்பார். பேச்சு நிகழ்ச்சிகளில் பாதி தூக்கம் வரவழைப்பவை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1957 அக்டோபர் 3-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்கு இடம்தரும் விவித் பாரதி ஒலிபரப்பைத் தொடங்கியதே இலங்கைக்குப் போன காதுகளைத் திருப்பத்தான்.

அகில இந்திய வானொலி நடத்திய ‘வானொலி’ இதழில் அன்றாட நிகழ்ச்சி நிரல் அப்போது அச்சாகி வந்தது. ஒரு முழு நாளின் நிரலை எடுத்துப் போடுங்களேன்.

- ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ராயபுரம், சென்னை-13