யுதோனோ மலையில் கேட்காமல் விட்டது

அன்புள்ள செந்திலுக்கு,

பார்சல் புதன்கிழமை கிளம்பிவிட்டது. பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், நீ கேட்காத இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. கிடைத்ததும் ஒரு வரி போடு. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்தது. மற்றதெல்லாம் அப்புறம்.

கடைசியாகப் பேசியபோது, நான் ஜப்பான் வந்தபோது நீ சொன்ன மூன்று புனித மலைகளில் ஒன்றான கஸ்ஸானுக்கு ஒருமுறை தனியாகப் போய்வர வேண்டும் என்றாய். எப்போது என்று கேட்டதற்கு, "பனி விழட்டும்" என்றாய். அதன் பிறகு மூன்று வாரமாகப் போன் இல்லை. 1,984 மீட்டர் உயரம் அது. உச்சிக் கோயிலை ஜூலை முதல் தேதி திறந்து செப்டம்பர் நடுவில் மூடிவிடுவார்கள் என்று நீதானே சொன்னாய்? இப்போது நவம்பர். மூடிக் கிடக்கிற கோயிலுக்கு எதற்கு? தனியாகப் போகாதே.

போக வேண்டும் என்று இருந்தால் ஹகுரோவுக்குப் போ. அது 414 மீட்டர்தான். பனியில் கஸ்ஸானுக்கும் யுதோனோவுக்கும் போக முடியாது என்றுதானே மூன்று சாமிகளையும் ஹகுரோவில் ஒரே கோயிலில் வைத்திருக்கிறார்கள்? 1818இல் திரும்பக் கட்டியது, கூரை வேய்ந்த புல்லே இரண்டு மீட்டர் கனம் என்று நீ கையை விரித்துக் காட்டினாய். அந்த 2,446 படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக நின்றாய். பூசாரியிடம் அவர்கள் மொழியில் நீ பேசியதை இங்கே சொல்லாத ஆள் கிடையாது. அத்தனை பேசத் தெரிந்தவனுக்கு வீட்டுக்கு இரண்டு நிமிடம் பேச நேரமில்லையா?

வந்ததிலிருந்து அந்த மலைகளைப் பற்றித்தான் படிக்கிறேன். தலபுராணத்தில் வரும் ஹச்சிகோ இளவரசனின் தகப்பன் சுஷுன் பேரரசரை 592இல் கொன்றுவிட்டார்கள். பிள்ளை தலைநகரை விட்டுக் கடல்வழியாக வடக்கே தப்பி வந்தான். மூன்று கால் காகம் ஒன்று வழி காட்ட, 593இல் ஹகுரோவில் கோயிலைத் தொடங்கினான் என்கிறார்கள். அவன் படத்தைப் பார்த்தாயா? கறுத்த, கோரமான முகம். ஊரார் துன்பத்தையெல்லாம் கேட்டுக் கேட்டு முகம் அப்படி ஆயிற்றாம்.

நாம் ஏறிய படிகளைப் போடவைத்தவர் தென்யூ என்ற தலைமைத் துறவி. 1648இல் ஆரம்பித்துப் பதின்மூன்று வருடம் ஆனது. 1668இல் அவரையே நீஜிமா தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1674இல் அங்கேயே இறந்துபோனார், தான் போட்ட படியை மறுபடி மிதிக்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பங்குனியில் வீட்டில் நடந்ததற்குப் பிறகு, நீ சீக்கிரம் ஜப்பானுக்குக் கிளம்பினால் போதும் என்று நினைத்தவன் நான். உனக்கும் அது தெரியும்.

ஹகுரோ இந்த உலகம், கஸ்ஸான் செத்தவர்கள் போகிற இடம், யுதோனோ மறுபடி பிறக்கிற இடம் என்று ஏறும்போது சொன்னாய். யாத்திரை போகிறவர்கள் உடுத்தும் வெள்ளை, பிணத்துக்குப் போடுகிற உடுப்பு என்றும் சொன்னாய். அன்று கதையாகக் கேட்டேன். இப்போது ராத்திரியில் அது வேறு மாதிரி கேட்கிறது.

யுதோனோவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். அங்கே கண்டதைச் சொல்லாதே, கேட்காதே என்பது காலகாலமாக உள்ள விதி என்றாய். நானும் இதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போகுமுன் மனித உருவில் வெட்டிய காகிதம் கொடுத்தார்களே, உடம்பில் தடவித் தண்ணீரில் விடச் சொல்லி. நான் உடனே விட்டுவிட்டேன். உன்னால் விட முடியவில்லை. பின்னால் வரிசை நின்றது. உன் தோள் குலுங்கியது. நான் பார்த்தேன் செந்தில். பார்த்துவிட்டு, மேலே மரத்தைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸிலும் கேட்கவில்லை. சென்டாய் நகருக்கு வந்த பிறகும் கேட்கவில்லை. விதி அங்கே கண்டதற்கு மட்டும்தான். நான் அதை வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். நீ பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு வருடம் பேசாமல் இருந்தபோதும் இதையேதான் செய்தேன். கேட்டால் என்ன சொல்வாயோ என்று பயம்.

இப்போது கேட்கிறேன். அன்று எதை விட முடியாமல் நின்றாய்? கஸ்ஸானுக்கு எதற்குப் போக வேண்டும் என்கிறாய்? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல். நான் கோபப்பட மாட்டேன், அறிவுரையும் சொல்ல மாட்டேன்.

திங்கள்கிழமை டிராவல்ஸில் விசாவுக்கு விசாரித்திருக்கிறேன். வர வேண்டாம் என்றால் அதையும் போன் செய்துதான் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் எடுப்பேன். தனியாகப் போகாதே. காலுறையைப் போட்டுக்கொள்.

அப்பா