புகைப்பட வரலாற்றுக்கும் ஒரு செய்முறைத் தேர்வு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 19 வந்தால் உலகப் புகைப்பட தினக் கட்டுரைகள் வரும். 'கேமரா கண்டுபிடிக்கப்பட்ட நாள்' என்ற வரியும் அவற்றில் தவறாமல் இருக்கும். கேமரா அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. ஓவியர்கள் அதை வைத்துப் படம் வரைந்தார்கள். 1839-இல் அந்த நாளில் நடந்தது வேறு. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பிம்பத்தை நிறுத்தும், ஓவியர் டாகேரின் முறையை பிரெஞ்சு அரசு வாங்கி, அதன் செய்முறையைப் பாரிஸில் எல்லாரும் அறிய வெளியிட்டது. அதாவது, கொண்டாடப்படுவது ஒரு செய்முறைக் குறிப்பு வெளியான நாள். நம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பாடத்திலோ செய்முறை ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம். 1839 என்று பளிச்சென்று சொல்லும் மாணவர், ஹைப்போ என்ற டார்க்ரூம் ரசாயனம் எதற்கு என்று கேட்டால் விழிக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடத்தைப் பிரித்தவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க முதலில் டார்க்ரூம்கூடத் தேவையில்லை. மொட்டை மாடி போதும். ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த, வெயிலில் நீலப் படம் தரும் சயனோடைப், அதாவது பிற்காலத்தில் கட்டட வரைபடங்களுக்குப் பயன்பட்ட அதே ப்ளூ பிரிண்ட், சென்னை வெயிலுக்கென்றே செய்தது போன்ற முறை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பச்சை ரகம், 25 கிராம் 100 மி.லி. நீரில் ஒரு பாட்டில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் 100 மி.லி. நீரில் இன்னொன்று. நீருக்குப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும். இரண்டும் பழுப்பு நிற பாட்டிலில், தனித்தனியாக இருக்க வேண்டும். முதல் கரைசலில் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கொஞ்சமாகவே கரைப்பது நல்லது. ஒன்று கவனம்: ஃபெரிசயனைடு பக்கம் வலுவான அமிலமும் சூடும் வரவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

பூசும்போது இரண்டிலும் சம அளவு எடுத்துக் கலக்க வேண்டும். ஏ4 தாளுக்கு இரண்டிரண்டு மி.லி. தாராளம். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் ஜீரோ வாட்ஸ் பல்பில் வேலை செய்யலாம். தாள் 200 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். கால்சியம் கார்பனேட் சேர்த்த தாள் வேண்டாம். நீலம் அதில் நிற்காது. பூசியதை இருட்டில், மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்தி, அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். கார்த்திகை மாத ஈரத்தில் இரண்டு நாள் வைத்தால் தாள் வெயிலைப் பார்க்காமலே பச்சை தட்டிப்போகும்.

அதன் மேல் முருங்கை இலைக் கொத்து ஒன்றை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, கிளிப் போட்டு வெயிலில் வைக்கலாம். இலையை முதல் நாளே புத்தகத்துக்குள் வைத்துக் காயவிட வேண்டும். பச்சை இலை வியர்த்துக் கறை விடும். எத்தனை நிமிடம் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒரு துண்டுத் தாளை அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் 2, 4, 6, 8, 10 நிமிடப் பட்டைகள் கிடைக்கும். தாள் மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு சாம்பல் படிந்த வெண்கல நிறத்துக்கு வர வேண்டும். நீலத்திலேயே அவசரப்பட்டு எடுத்தால் கழுவும்போது எல்லாம் தண்ணீரோடு போய்விடும். மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

அடுத்த தவறு குழாயடியில். போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. காரம் நீலத்தைத் தின்னும். முதல் கழுவலுக்கு ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் நிறம் பிழைக்கும். மஞ்சள் முழுதும் போகும்வரை ஐந்து முதல் பத்து நிமிடம் கழுவ வேண்டும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மூடி கலந்த நீரில் முக்கினால் நீலம் கண்முன்னே ஆழமாகும். ஒரு நாள் காற்றில் விட்டாலும் அதே நிறம்தான். பெராக்சைடு பொறுமை இல்லாதவர்களுக்கு. 1843-இல் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படித்தான் படமாக்கினார். இலையை வைத்து ஒருமுறை செய்தவருக்கு அந்தப் பெயர் மறக்காது.

இரண்டாவது பாடம் ஊசித்துளை கேமரா. 10 செ.மீ. விட்டமுள்ள பால் பவுடர் டின், உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட். கூல்ட்ரிங்க் கேன் தகட்டில் ஊசி முனையால் மெல்லக் குத்தி, பின்புறம் எழும் பிசிறை வழவழப்பான உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். துளை 0.4 மி.மீ. இருக்கட்டும்; 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 19 பிக்சல் அகலம் வரும். பிசிறு இருந்தால் படம் மங்கும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் தாளின் ஓரம் கறுக்கும். உள்ளே வைப்பது கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர். அதைச் சிவப்பு பல்பில் கையாளலாம். அந்த பல்பையும் நம்பிவிடக் கூடாது. தாள் மேல் நாணயம் ஒன்றை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு டெவலப் செய்தால், வட்டம் தெரிகிறதா என்பதில் குட்டு வெளிப்படும். இந்த டின் எஃப் 250 அளவிலான துவாரம் கொண்டது; அதாவது, டின்னின் விட்டம் துளையைப் போல் 250 மடங்கு. பேப்பரின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துக்கொண்டால், உச்சி வெயிலில் முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை திறந்து வைக்க வேண்டும்.

இந்த டின்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செந்நிறக் கட்டடம் ஒன்றின் எதிரிலும், பிறகு ரிப்பன் மாளிகை எதிரிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெகட்டிவிலிருந்து பிரதி எடுத்தால் செங்கல் கரியாக இருக்கும். வெள்ளை மாளிகை வெளுத்த வானத்தோடு கரைந்து நிற்கும். போட்டோ பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, நீலம் மிகையாகத் தெரியும் என்பதே காரணம். 19-ஆம் நூற்றாண்டுப் படங்களில் வானம் மொட்டையாக இருப்பதும் இதனால்தான். மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டியதை வேடிக்கைச் செய்தியாகப் படிக்கும் மாணவர், தன் டின்னிலிருந்து வெள்ளை வானம் வெளியே வந்த பிறகு வேறு மாதிரி படிப்பார்.

டிரைப் 1857-58-இல் திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். கண்ணாடித் தகட்டில் ஈரக் கொலோடியன் என்ற பசை போன்ற கரைசலைப் பூசும் முறை 1851-லேயே வந்துவிட்டது. ஆனால் அது காய்வதற்குள் படம் எடுத்து டெவலப்பும் செய்தாக வேண்டும். குளிர்நாட்டிலேயே கால் மணி நேரம்தான் அவகாசம். தஞ்சாவூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். முன்கூட்டியே தயாரித்து எடுத்துப்போகக்கூடிய மெழுகுத்தாள் நெகட்டிவை அவர் பெரும்பாலும் நம்பியதற்கு இந்தத் தட்பவெப்பம் முக்கியக் காரணம். பெரிய கோவில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிய, ஏறத்தாழ 19 அடி நீளப் படத்தை 1858-இல் செய்தார். கொலோடியனை மாணவர்கள் கையில் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. அதிலுள்ள ஈதர் தீப்பிடிக்கும், பழைய முறைப்படி போனால் சயனைடும் வரும்.

ஃபிலிம் டெவலப் செய்வது மூன்றாவதாக வரட்டும். இங்கே வில்லன் வெப்பம். புத்தகம் 20 டிகிரி என்கிறது. மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் 35-ஐத் தாண்டும். ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசலான டி-76 டெவலப்பரைச் சரிபாதி நீர் கலந்து, 20 டிகிரியில் 11 நிமிடம் வைக்க வேண்டிய ஃபிலிமுக்கு 24 டிகிரியில் ஏறத்தாழ 8 நிமிடம் போதும். அதற்கு மேல் சூட்டில் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கி, படம் திட்டுத்திட்டாகும். ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பைக்குள் போட்டு பக்கெட்டில் வைத்து, டெவலப்பர், ஹைப்போ, கழுவும் நீர் மூன்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து சூடான குழாய்த் தண்ணீருக்குப் போனால் ஃபிலிமின் மேல்பூச்சு சுருங்கி வலை விழும்.

டி-76-ஐ வீட்டிலேயே கலப்பவர்கள் ஒரு சிட்டிகை சோடியம் சல்ஃபைட்டுக்குப் பிறகு முதலில் மெட்டால் என்ற டெவலப்பர் ரசாயனத்தை 2 கிராம் கரைத்துவிட வேண்டும். 100 கிராம் சல்ஃபைட்டை முதலில் கொட்டினால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். ஹைப்போவில் ஃபிலிம் துண்டு தெளிய ஆகும் நேரத்தைப் பார்த்து, அதைப் போல் இரண்டு மடங்கு வைக்க வேண்டும். வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்று ஹெர்ஷல் கண்டது 1819-இல். புகைப்படத்துக்கு அது பயன்பட இருபது ஆண்டு ஆனது. கழுவாமல் மிச்சம் விட்ட ஹைப்போதான் நம் வீட்டுப் பழைய கல்யாணப் படங்களை மஞ்சளாக்கியது. அவை ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

செல்போன் எங்கே என்று கேட்பார்கள். பெரும்பாலான போன்களில் லென்ஸ் துவாரம் மாறாது. பின்னணி மங்குவது கணக்குப் போட்டுச் செய்யும் வேலை. ஆகவே அப்பர்ச்சர் எனும் துவார அளவை மட்டும் பழைய மேனுவல் கேமராவில்தான் காட்ட வேண்டும்.

எங்கள் கோரிக்கை சிறியது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் ஓவியப் பள்ளியில் அந்தப் பத்தாண்டிலேயே போட்டோ பாடம் நடந்த ஊர் இது. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த மாநிலம் இது. இங்கே வரலாற்றுத் தாளின் 100 மதிப்பெண்ணில் 40-ஐயாவது ஒரு சயனோடைப், ஒரு ஊசித்துளை நெகட்டிவ், அவற்றில் என்ன தவறியது என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகிய மூன்றுக்கும் ஒதுக்க பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் முன்வர வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது. கல்லூரிகள் அதைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் சேர்த்து, கழிவு எடுப்பவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டையும் அதே சுற்றறிக்கையில் சேர்க்கட்டும்.

– புகைப்படப் பயிற்றுநர்கள் சிலர்,
திருவல்லிக்கேணி, சென்னை.